மெருகும் மூலமும்: பழைய இசைத்தட்டுகளுக்குப் புதிய ஒலி பூசுவோருக்கு ஒரு மறுப்பு

அண்மைக் காலமாக எமது விடுதி அறைகளிலும் சிற்றுண்டிச்சாலை மேசைகளிலும் ஒரு கூற்று மறுப்பின்றி உலவி வருகின்றது. பழைய பாட்டுகள் நல்லவைதாம். ஆனால் அவற்றின் ஒலி பழுதுற்றது. இன்றைய தொழில்நுட்பம் அப்பழுதை நீக்கிவிட்டது. ஆகவே புதிதாக மெருகேற்றிய பதிப்பே கேட்கத்தக்கது என்பது அக்கூற்று. றொக் இசை கேட்கும் நண்பர்கள் பீட்டில்ஸ், லெட் செப்பலின் குழுவினரின் தொகுப்புகளைக் காட்டி இதனைச் சொல்கின்றனர். திரையிசை கேட்போர் விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாடல்களையும் இளையராஜாவின் பாடல்களையும் காட்டிச் சொல்கின்றனர். இரு சாராரும் 'றீமாஸ்டர்' என்ற ஒரே சொல்லையே கையாளுகின்றனர். அச்சொல்லால் தாம் எதனைக் குறிக்கின்றனர் என்று கேட்டால் மாத்திரம் விடை வருவதில்லை. இக்கூற்று பெரும்பாலும் பிழையானது. பிழை என்பதோடு அமையாது தீங்கும் பயப்பது என்பதே இக்கட்டுரையாளன் நிலைப்பாடு.

இதனைப் பேச எனக்கு என்ன தகுதி என்று வினவக்கூடும். இசைக் கல்வி பெற்றவனல்லன். ஆனால் எம்பிலிப்பிட்டியவில் வானொலி திருத்தும் சிறு கடையொன்றின் பின்னறையில் வளர்ந்தவன். கடை எனது தாய்மாமனுடையது. அதற்கு முன்னர் அவர் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிலே திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்து வந்தார். தேர் இழுக்கும் நாளில் மேற்கணக்கு லயத்தின் கூரைக்கு மேலே கட்டிய புனலிலிருந்து எழும் பாட்டு, பள்ளத்தாக்கைக் கடந்து கீழ்க்கணக்கு வரை செல்லும் என்பார். அத்தொழில் நின்றபின்பும் இசைத்தட்டுகள் நின்றுபோகவில்லை. எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுகள் சில, நாற்பத்தைந்து சுற்றுச் சிறுதட்டுகள் பல, நெடுந்தட்டுகள் ஒரு பெட்டி என்று கடையின் பின்னறையில் அவை இன்றும் உள்ளன. ஒரே பாட்டைத் தட்டிலும், ஒலிநாடாவிலும், இறுவட்டிலும், இப்போது கைத்தொலைபேசியிலும் கேட்கும் வாய்ப்பு எனக்கு அவ்வாறு கிடைத்தது. கேட்டவை நான்கும் ஒன்றல்ல.

முதலிற் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒரு பாடல் மூன்று நிலைகளைக் கடந்து வருகின்றது. பாடகரும் வாத்தியக்காரரும் எழுப்பும் ஒலி நாடாவிற் பதிவாவது முதல் நிலை. பதிந்த ஒலிகளை எந்த அளவில் எதனோடு சேர்ப்பது என்று முடிவு செய்து கலப்பது இரண்டாவது. கலந்து முடித்ததைத் தட்டுக்கோ இறுவட்டுக்கோ ஏற்ற வகையில் இறுதி செய்வது மூன்றாவது. மறுமெருகு என்ற பெயர் இம்மூன்றாவது நிலையை மீளச் செய்வதற்கே உரியது. கலவையை மாற்றினால் அது வேறு செயல். புதிய வாத்தியத்தைச் சேர்த்தால் அது முற்றிலும் வேறு செயல். அதற்குப் புதுப் பாட்டு என்றே பெயரிடல் வேண்டும். நம் சந்தையில் இம்மூன்றும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

றொக் இசையில் இவ்வேறுபாட்டை ஓரளவு தெளிவாகக் காணலாம். பீட்டில்ஸ் குழுவினர் 1967 இல் வெளியிட்ட சார்ஜண்ட் பெப்பர் தொகுப்பு நான்கு தடப் பொறியிற் பதிவானது. அக்காலத்தில் அவர்களும் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டினும் பெரிதும் உழைத்தது மொனோக் கலவைக்கே. ஸ்ரீரியோக் கலவை விரைவாகச் செய்து முடிக்கப்பட்டது. 2009 செப்டெம்பரில் அவர்களது தொகுப்புகள் யாவும் மறுமெருகு பெற்று வந்தபோது ஸ்ரீரியோப் பெட்டி ஒன்றும் மொனோப் பெட்டி ஒன்றும் தனித்தனியே வெளியாயின. 'ஹெல்ப்', 'றப்பர் சோல்' ஆகிய இரண்டையும் ஜோர்ஜ் மார்ட்டின் எண்பதுகளில் இறுவட்டுக்கென மறுகலவை செய்திருந்தார். ஸ்ரீரியோப் பெட்டியில் அம்மறுகலவையே இடம்பெற்றது. ஆனால் 1965 ஆம் ஆண்டின் ஸ்ரீரியோக் கலவையும் கைவிடப்படாமல் மொனோப் பெட்டியில் உடன் தரப்பட்டது. 2017 இல் அவருடைய மகன் ஜைல்ஸ் மார்ட்டின் சார்ஜண்ட் பெப்பரைப் புதிதாகக் கலந்தார். அது மறுகலவை என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. விரும்பியவர் விரும்பியதைக் கேட்கலாம். இந்நேர்மையை நான் குறை கூறவில்லை.

நம் நிலை அத்தகையதன்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழ்த் திரைப்பாடல் எவ்வாறு பதிவாயிற்று என்பதை நினைத்துப் பாருங்கள். பாடகரும் வாத்தியக்குழுவும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில், ஒரே வழியிற் பதிவு செய்தனர். ஒருவர் தவறினால் எல்லாரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். தபேலா தனித் தடத்தில் இல்லை. வயலின் தனித் தடத்தில் இல்லை. தமிழில் ஸ்ரீரியோ முறையிற் பாடல்கள் பதிவான முதற்படமாகப் பெரிதும் சொல்லப்படுவது 1978 இல் வந்த 'பிரியா'. அதற்கு முற்பட்ட பாடலொன்றை 'ஸ்ரீரியோ' என்று விற்பவர் எதனை விற்கிறார்? ஒரே ஒலியை இரண்டாக்கி, ஒரு பக்கம் தாழ்ந்த ஒலிகளையும் மறுபக்கம் உயர்ந்த ஒலிகளையும் ஏற்றி, ஒன்றைச் சிறிது பிந்தவிட்டு, இடையிற் சற்று எதிரொலி தூவினால் இரு காதிலும் வேறு வேறாக ஏதோ கேட்கும். அது கூடத்தின் விசாலமன்று. கண்ணாடியின் முன் நின்று இருவர் என்று எண்ணுவது போன்றது.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. அக்காலப் பதிவுகளிற் குரல் முன்னின்றது. வாத்தியங்கள் ஓரடி பின்னின்றன. இன்றைய காதுக்கு இது குறைபாடாகத் தோன்றுகின்றது. ஆனால் அப்பாட்டுகளைக் கேட்டவர் யார், எதிற் கேட்டனர்? இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை மத்திய அலையிற் கேட்டனர். மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசிய அவ்வலை கடல் கடந்து தமிழகத்தின் ஊர்களையும் சென்றடைந்தது. இங்கே சப்ரகமுவத் தோட்டங்களின் லயக் காம்பராக்களையும் அடைந்தது. மத்திய அலைக் கருவியில் மிக உயர்ந்த ஒலிகளும் மிகத் தாழ்ந்த ஒலிகளும் வருவதில்லை. கொட்டகைகளிலும் கோயில் முற்றங்களிலும் தொங்கிய புனல்களில் நடு ஒலிகளே ஓங்கி வரும். இவற்றின் வழியே பாட்டின் சொல் மக்களுக்குச் சென்று சேரவேண்டும் என்பதை அறிந்தே பதிவாளர் குரலை முன்னிறுத்தினார். அது அறியாமையின் விளைவன்று, தேர்ச்சியின் விளைவு. மெருகேற்றுவோர் செய்வது என்ன? அடியில் முழக்கத்தைக் கூட்டி, நுனியிற் பளபளப்பைக் கூட்டுகின்றனர். இரண்டுக்கும் நடுவில் நின்ற டி.எம். சௌந்தரராஜனின் குரல், தன் வீட்டுத் திண்ணையிலேயே விருந்தாளியாக்கப்பட்ட கிழவரைப் போல ஒதுங்கி நிற்கின்றது. ஜாலராவின் ஓசை மாத்திரம் ஊசிபோற் காதிற் குத்துகின்றது.

'எப்படியானாலும் கேட்கும்போது புதியதுதானே நன்றாக இருக்கின்றது' என்பர் நண்பர். இதற்கு ஒரு காரணம் உண்டு. அது மெருகு அன்று. இரண்டு ஒலிகளுள் சற்று உரத்ததை நம் காது சிறந்தது என்று எண்ணும் இயல்புடையது. செவியின் உணர்திறன் ஒலியின் அளவுக்கேற்ப மாறும் என்பதையும், மெல்லிய ஒலியிற் புலப்படாத அடிநாதமும் நுனிநாதமும் ஒலி கூடும்போது புலப்படும் என்பதையும் பிளெச்சர், மன்சன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் 1933 இலேயே காட்டிவிட்டனர். இறுவட்டு 1982 இற் சந்தைக்கு வந்தபின், குறிப்பாகத் தொண்ணூறுகளில், இசை நிறுவனங்கள் இப்பலவீனத்தைப் பயன்படுத்தி ஒன்றையொன்று மிஞ்சிய உரத்துடன் தட்டுகளை வெளியிட்டன. மெல்லிய இடங்களை உயர்த்தி, உச்சங்களை வெட்டிச் சமப்படுத்தினால் எல்லா இடமும் உரத்து ஒலிக்கும். பதினாறு இலக்க இறுவட்டு ஏறத்தாழ 96 டெசிபல் ஏற்றத்தாழ்வைத் தாங்க வல்லது. அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டுக் குடும்பம் முழுவதும் மச்சிலேயே நெருங்கிக் குடியிருந்தது. 'றோ பவர்' என்ற 1973 ஆம் ஆண்டுத் தொகுப்பை அதன் பாடகர் இகி பொப் தாமே 1997 இல் மறுகலவை செய்தபோது, உரத்திற் பேர்போன தட்டுகளுள் ஒன்றாக அது ஆயிற்று. படைத்தவன் கையும் பிழைக்கும். மெட்டாலிக்காவின் 2008 ஆம் ஆண்டுத் தொகுப்பு மறுமெருகு அன்றாயினும் இங்கு நினைக்கத்தக்கது: அதே பாடல்கள் ஒரு கணினி விளையாட்டில் நெருக்கமின்றி ஒலிப்பதைக் கண்ட இரசிகர், விலை கொடுத்து வாங்கிய இறுவட்டினும் விளையாட்டுப் படியே மேல் என்றனர்.

எம் விடுதியில் இதனைச் சோதித்துப் பார்த்தோம். எண்பதுகளின் திரைப்பாடல் ஒன்றின் நெடுந்தட்டிலிருந்து நான் எடுத்த படியையும், மறுமெருகு பெற்றதாகச் சொல்லப்படும் படியையும் எது எதுவென்று சொல்லாமல் ஒலிக்கவிட்டேன். ஏறக்குறைய எல்லாரும் மெருகு பெற்றதையே தெரிந்தனர். மறுநாள் இரண்டையும் ஒரே உரத்துக்குக் கொண்டுவந்தபின் மீண்டும் ஒலிக்கவிட்டேன். அறையில் நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. முதல் நாளின் ஒருமனம் இருக்கவில்லை. இதனை ஆய்வு என்று நான் உரிமை கோரவில்லை. ஐயமுடையோர் தம் அறையிற் செய்து பார்க்கலாம், செலவு ஒன்றுமில்லை. இணையவழி இசைச் சேவைகள் பலவும் இன்று எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே உரத்துக்குத் தாழ்த்தியோ உயர்த்தியோ தருகின்றன. அங்கு உரத்தின் இலாபம் போய்விடுகின்றது. வெட்டுண்ட உச்சங்கள் மாத்திரம் மிஞ்சுகின்றன.

என் கையில் இன்னொரு சான்றுமுண்டு. சொல்லச் சற்று வெட்கமாகவும் உள்ளது. 'மூலத் தரம்' என்று அட்டையில் அச்சிட்ட இறுவட்டொன்றை இரண்டு மாதம் சேர்த்த பணத்தில் வாங்கினேன். வெளியிட்டவர் பெயர் இங்கு வேண்டாம். அதிலுள்ள பாட்டுகளைத் தட்டிலுள்ளவற்றோடு ஆர்மோனியத்தில் ஒப்பிட்டபோது இறுவட்டில் அரைச் சுரம் ஏறியிருந்தது. தட்டுப் பிழையோ என்று மாமன் சுழற்சியை அளந்து பார்த்தார். தட்டு சரியாகவே சுழன்றது. அரைச் சுரம் என்பது வேகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு. பாடகியின் வயது சில ஆண்டுகள் குறைந்து ஒலித்தது. இதனை எத்தனை ஆயிரம் பேர் வாங்கி, இதுவே அப்பாட்டு என்று மனத்திற் பதித்திருப்பர்? அவர்கள் மீது குற்றமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் மூலம் இல்லை.

இங்குதான் வழக்கின் மையம் உள்ளது. தமிழ் பயிலும் மாணவருக்கு இது புதிதன்று. எம் துறையிற் பதிப்பு என்று இதற்குப் பெயர். சாமிநாதையர் 1887 இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதே ஆண்டிற் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏடுகள் சிதைந்திருந்தன, எழுதியோர் பிழைகள் மலிந்திருந்தன. ஐயர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் காட்டினார். 1894 இல் வெளிவந்த புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் இல்லை. பல பாட்டுகளிற் சிதைந்த அடிகளுக்குப் புள்ளிகளே உள்ளன. அவ்விடங்களைத் தம் புலமையால் நிரப்ப ஐயருக்கு ஆற்றல் இல்லாமலா போயிற்று? நிரப்பியிருந்தால் படிக்க இனிதாயிருக்கும், 'தெளிவாக' இருக்கும். ஆனால் அது புறநானூறாக இராது. புள்ளியை விட்டுவைத்த அந்நேர்மையின் பயனையே எம் துறையினர் இன்றும் உண்டு வாழ்கின்றோம். ஏட்டுக்கு வேண்டும் என்று நாம் வற்புறுத்தும் நெறி, பாட்டின் ஒலிக்கு ஏன் வேண்டாம்? எந்த நாடாவிலிருந்து, எந்தத் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது; எது நீக்கப்பட்டது; எது சேர்க்கப்பட்டது என்று ஒரு வரியேனும் எழுதிய தமிழ்த் திரையிசை இறுவட்டு என் கண்ணிற்பட்டதில்லை. சினிமாப் பாட்டுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று சில விரிவுரையாளர் முறுவலிக்கக்கூடும். நாட்டார் பாடலுக்கு ஆரவாரம் ஏன் என்று கேட்டவர்களும் ஒருகாலத்தில் இருந்தனர்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைத்தல் தகாது. இசைத்தட்டைத் தெய்வமாக்கி, ஊசியின் கரகரப்பில் 'உயிர்' இருப்பதாகப் பேசும் ஒரு கூட்டம் இப்போது பெருகி வருகின்றது. கரகரப்பு கரகரப்பே, அது அழுக்கும் கீறலுமாகும். அதனைப் பாடகரும் பதிக்கவில்லை, இசையமைப்பாளரும் எழுதவில்லை. கொழும்பிற் பெருவிலை கொடுத்துச் சுழல்மேசை வாங்கி, இணையத்தில் எவரோ எண்ணிமப்படுத்திய கோப்பிலிருந்தே புதிதாக வெட்டிய தட்டைப் போட்டுவிட்டு 'மூலம்' என்று கண்மூடிக் கேட்பவரை என்னென்பது! மூலமே பழுதாக அமைந்ததும் உண்டு. றஷ் என்ற கனடியக் குழுவின் 2002 ஆம் ஆண்டுத் தொகுப்பொன்று உரத்தால் நொறுங்கி வந்தது. 2013 இல் மறுகலவை செய்தபின்னரே அதன் கிற்றார்கள் மூச்சுவிட்டன. 'கர்ணன்' 1964 இல் வந்த படம்; 2012 மார்ச்சிற் புதுப்பிக்கப்பட்டுப் பலவழி ஒலியுடன் திரைக்கு வந்தபோது, அதனைத் தொலைக்காட்சியில் மாத்திரம் கண்டிருந்த தலைமுறை கொட்டகைக்குச் சென்று கண்டது. அது நன்மை அன்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனது அப்பாயியின் சாட்சியமும் எனக்கு எதிரானது. எண்பதைக் கடந்தவர், காது மந்தம். கொழுந்து பறித்த காலத்தில் மேற்கணக்குப் புனலிற் கேட்ட பாட்டொன்றை, தட்டிலிருந்து நான் எடுத்த படியிலும் இரைச்சல் நீக்கிய புதுப்படியிலும் ஒரே கைத்தொலைபேசியில் அவருக்குக் கேட்கச் செய்தேன். என் படியைக் கையால் விலக்கினார். புதியதைக் கேட்டுவிட்டு, 'இப்பத்தான்யா வார்த்தையெல்லாம் வெளங்குது. அப்பல்லாம் காத்து எடுத்துக்கிட்டுப் போன மிச்சந்தான் நமக்கு' என்றார். அறுபது ஆண்டுகளாகத் தாம் முணுமுணுத்து வந்த ஒரு சொல் பிழை என்றும் அன்றுதான் கண்டுகொண்டார். இதற்கு என்னிடம் மறுப்பில்லை. அவருக்கு அப்படி வேண்டும். அது அவர் உரிமை. ஆயின் அவருக்காகச் செய்த மூக்குக்கண்ணாடியை ஊரார் அனைவருக்கும் மாட்டி, பழைய எழுத்தை அழித்துவிடுவதற்கு அது நியாயமாகாது.

அழித்தல் என்ற சொல்லை ஆராய்ந்தே எழுதுகின்றேன். புதுப்படி வந்ததும் பழையபடி கடையிலிருந்து மறைகின்றது. இணையச் சேவையில் அதன் இடத்திற் புதியது சந்தடியின்றி அமர்கின்றது. மூல நாடா எங்குள்ளது, எந்நிலையில் உள்ளது என்று கேட்பார் இல்லை. 2008 ஜூன் முதலாம் நாள் ஹொலிவூட்டில் யுனிவர்சல் நிறுவன வளாகத்தில் மூண்ட தீயிற் பெருந்தொகையான மூலப்பதிவுகள் அழிந்தன; அவ்விழப்பின் அளவு வெளியுலகுக்குத் தெரியவந்தது 2019 இலேதான். பெருஞ்செல்வம் படைத்த நிறுவனத்தின் கதி அதுவாயின் நம் நாடாக்களின் கதி என்ன? 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபின், ஒற்றைப்படி என்றால் என்னவென்று எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. எழுபதுகளில் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிய எம் நாட்டுப் பொப் பாடல்கள், மாமன் கடையில் நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்த படிகளாகவே உள்ளன. ஒவ்வொரு படியெடுப்பிலும் பாடகர் ஓரடி தூரம் போயிருக்கின்றார். அவற்றுக்கு மெருகு பூச நாளை ஒருவர் வரக்கூடும். மூலம் இருந்தால் பூசட்டும், பிடிக்காவிட்டாற் கழுவிவிடலாம். இல்லாவிட்டால் அப்பூச்சே மூலமாகிவிடும். இசையிலிருந்து குரலையும் வாத்தியத்தையும் கணினி தானே பிரித்தெடுக்கும் காலமும் வந்துவிட்டது. 2023 நவம்பரில் வெளியான பீட்டில்ஸ் பாட்டொன்றில், பழைய ஒலிநாடாவிலிருந்து ஜோன் லெனனின் குரல் அவ்வாறே பிரிக்கப்பட்டது. ஒற்றைவழிப் பதிவைப் பிரிக்க இயலாது என்று மேலே நான் சார்ந்து நின்ற மதிலும் இதனால் இடிந்து வருகின்றது. இனி விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் வயலின்களையும் வேண்டியபடி நகர்த்தலாம். நகர்த்துபவர் எதை நகர்த்தினார் என்று எழுதிவைக்கவேண்டிய தேவை முன்னெப்போதையும் விட இப்போதே மிகுதி.

எம் சங்கத்தாருக்கும் நூலகத்தாருக்கும் எனது வேண்டுகோள் சிறியது. ஓலைச்சுவடிக்கு அறை உண்டு. பழம் பத்திரிகைக்கு அறை உண்டு. இசைத்தட்டுக்கும் நாடாவுக்கும் ஓர் அலுமாரி வேண்டும். தோட்டங்களிலும் ஊர்களிலும் கட்டிலின் கீழே கிடப்பவற்றைச் சேர்த்து, எதையும் நீக்காமல், எதையும் கூட்டாமல் படியெடுத்து, எதிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்புடன் வைத்தாற் போதும். அதன்பின் அவரவர் விரும்பிய மெருகை அவரவர் பூசிக்கொள்ளலாம்.

சென்ற விடுமுறையில் மாமன் கடையின் பின்னறையிலிருந்து நாற்பத்தொரு தட்டுகளைப் படியெடுத்தேன். ஈரத்துணியால் துடைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஒன்று நடுவில் வெடித்திருந்தது. அப்பாட்டில் ஏறத்தாழ நான்கு விநாடிகள் இல்லை. அவ்விடத்தை அப்படியே விட்டு, இத்தனையாவது விநாடியில் தட்டு உடைந்துள்ளது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்துள்ளேன்.